டேம் ரோட்டு மீன் கடை: எந்த வலையில பிடிச்சதுன்னு கேட்டு வாங்குங்க

கிருஷ்ணகிரி டேமுக்குப் போற வழியில தகரக் கொட்டாய் போட்ட மீன் கடை ஒண்ணு இருக்கு. போர்டு கிடையாது. அங்க ரெண்டு விதமா மீன் வரும், ரெண்டும் ஒரே விலை. அதுதான் எனக்குக் கடுப்பு.

ராத்திரி தங்கூஸ் வலை (மெல்லிசான நைலான் நரம்பு வலை) கட்டி விடியக்காலையில எடுக்குற மீனுக்குச் செவுள்கிட்ட கோடு மாதிரி தழும்பு இருக்கும். கண்ணிக்குள்ள தலைய விட்டதும் செவுள் மூடி மாட்டிக்கும், மூச்சு விட முடியாம வலையிலேயே செத்துடும். சீக்கிரம் மாட்டினது விடியறதுக்குள்ள ஊறி, சதை தொளதொளன்னு ஆகிடும். வீச்சு வலையில பிடிச்ச ஜிலேபி மீன் அப்படியில்ல. தொட்டியில துள்ளும், செவுள் ரத்தச் சிவப்பா இருக்கும், குழம்புல உடையாது.

பொடி மீனைத் திருப்பி விடுறோம்னு கடைக்கார அண்ணன் சொல்றாரு. நல்லதுதான். ஆனா செவுள் கிழிஞ்சு, மேல இருக்குற வழவழப்பும் செதிலும் போனதுக்கு அப்புறம் விட்டா எத்தனை பிழைக்கும்? கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் சால்மன் பிடிக்கிற படகுல, விட வேண்டிய மீன் தெளியறதுக்குன்னே ஓடுற தண்ணியோட ஒரு தொட்டி வைக்கிறாங்க. இங்க ஒரு வாளித் தண்ணிக்கே வழியில்ல.

வெட்டித் தர்ற அக்கா கை சுத்தம், முள்ளுகூட பாத்து எடுப்பாங்க. கட்லா வேணும்னா ஏழு மணிக்குள்ள போயிடுங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார்.