மீன் தொட்டியை, மீனை வெளியே எடுத்துவிட்டுக் கழுவுவதா, மீனை உள்ளேயே விட்டுத் தண்ணீர் மாற்றுவதா?

மீன்களை வலையில் அள்ளி வாளியில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, கல்லை அரிசி களைவது போல நாலு தண்ணீரில் களைந்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவது ஒரு வழி. மீன் பாட்டுக்கு உள்ளே நீந்தட்டும் என்று விட்டு, ரப்பர் குழாய் வைத்துக் கால்வாசித் தண்ணீரை மட்டும் இறக்கி மாற்றுவது இன்னொரு வழி.

நான் முதல் இரண்டு வருடம் முதல் வழிக்காரன். கழுவிய அன்று தொட்டி பளிச்சென்று இருக்கும். மூன்றாம் நாள் ஒரு தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் மிதக்கும். அதற்கு ஆயுசு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தங்கமீன் பத்து வருடம் தாண்டியும் இருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. அவை நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் அழுக்கு என்று பிழிந்து சாக்கடையில் விட்டது அவற்றைத்தான். போதாததற்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின். வலையில் துள்ளும்போது மீன் உடம்பின் வழவழப்புப் பூச்சு உரிந்துபோவது தனிக் கணக்கு.

இரண்டாவது வழிக்கு வேலையும் குறைவு. இரண்டடித் தொட்டியில் சுமார் ஐம்பது லிட்டர் பிடிக்கும். கால்வாசி என்றால் வாரம் ஒரு வாளி, அவ்வளவே. குழாயின் நுனியைக் கல்லுக்குள் குத்திக் குத்தி எடுத்தால் அடியில் தங்கிய கசடு தண்ணீரோடு வந்துவிடும். (வாயால் உறிஞ்சாதீர்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, கட்டைவிரலால் அடைத்து இறக்கினால் போதும்.) ஸ்பாஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். கல், ஸ்பாஞ்ச் இரண்டையும் ஒரே நாளில் தொட வேண்டாம். ஹீட்டர் இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் ஹீட்டர் சூட்டில் வெடித்துவிடும்.

இந்த வழி எப்போதும் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு) இறங்கியிருக்கும். அம்மோனியாவும் விஷம் குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். அதில் உப்புச்சத்து மிகுந்த போர் தண்ணீரைக் கொட்டினால் பிஎச் சட்டென்று ஏறும். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் விஷமான அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்காகும். அப்படிப்பட்ட தொட்டியில் பத்தில் ஒரு பங்காக, சில நாள் இடைவெளி விட்டு மாற்றுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று கேட்டால், சென்னையில் இருக்கும் என் வோட்டு, ஒரு நாள் திறந்து வைத்த மெட்ரோ வாட்டருக்கு. அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து. போர் தண்ணீரில் கப்பியும் மோலியும் சந்தோஷமாக இருக்கும். நியான் டெட்ராவுக்கு அது ஒத்துவராது. அதிலும் அப்போதே இறைத்ததில் ஆக்சிஜன் குறைவு, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு வைத்துவிட்டு ஊற்றுங்கள். கேன் தண்ணீரில் பெரும்பாலும் தாது உப்பு மிகக் குறைவு, அதை மட்டும் ஊற்றாதீர்கள். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானம் பிடித்து ஊற்றினால் மீன் வெந்துபோகும். காலையிலேயே பிடித்து வையுங்கள்.

சரி, முதல் வழிக்கு வேலையே இல்லையா? கண்ணாடி ஒழுகினால், கொசு மருந்தோ சோப்போ உள்ளே விழுந்தால் வேறு வழியில்லை. ஒழுகலென்றால் மீனைப் பழைய தண்ணீரிலேயே வையுங்கள். மருந்து விழுந்திருந்தால் குளோரின் போன சுத்தமான தண்ணீரில். வலையை விட டப்பாவால் மொள்வது மேல், கெளுத்தி வகை என்றால் கண்டிப்பாக டப்பாதான், அதன் முள் வலையில் மாட்டிக்கொள்ளும். வாளிக்குள் ஏர் பம்ப் ஓடட்டும், மேலே மூடி இருக்கட்டும். ஒழுகலுக்காகக் காலி செய்த தொட்டியென்றால் ஸ்பாஞ்சைக் காயவிடாமல் பழைய தண்ணீரில் ஊறப்போட்டுத் திரும்ப மாட்டுங்கள். முதல் மூன்று நாள் பாதித் தீனி போதும்.