பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கு எலியா, குரங்கா?

குரங்குதான் மனுசனுக்கு கிட்ட இருக்கு, அதனால அதுதான் பெஸ்ட்னு பல பேர் சட்டுனு சொல்லிடுவாங்க. என்ன கேட்டா எந்த மிருகம்ங்கறத விட அதுக்கு நோய எப்படி வரவழைச்சாங்கன்னுதான் மொதல்ல பாக்கணும்.

பார்க்கின்சன்ல அசைவுக்கு வேண்டிய டோபமின்ங்கற ரசாயனத்த சுரக்கற மூளை செல்லுங்க சாகும். செலவு கம்மின்னா, அந்த செல்லுங்கள கொல்ற 6-ஹைட்ராக்ஸி டோபமின்ங்கற விஷத்த ஏத்தின எலிதான். அந்த விஷம் ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போகாது, அதனால மண்டை ஓட்டுல ஓட்டை போட்டு ஒரே ஒரு பக்கத்துல நேரா ஊசி போடுவாங்க. அப்புறம் டோபமின் மாதிரியே வேல செய்யற அபோமார்ஃபின்ங்கற மருந்த குடுத்தா எலி ஊசி போடாத பக்கமா திரும்பித் திரும்பி செக்குமாடு மாதிரி சுத்தும், நிமிசத்துக்கு எத்தன சுத்துன்னு எண்ணிக்கிட்டா போதும். டோபமின் வேலைய செய்யற மருந்த சோதிக்க இது தாராளம், ஆனா நிஜ நோயாளி யாரும் வட்டம் போட்டு சுத்தறதில்லையே.

குரங்கு மாடல், அதாவது நோய வரவழைச்ச குரங்கு, வந்த கத வேற. 1982ல கலிஃபோர்னியால போலி ஹெராயின் போட்டுக்கிட்ட சில பேர் திடீர்னு உடம்பு வெறைச்சு அசைய முடியாம ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, அதுல கலந்திருந்த எம்பிடிபிங்கற ரசாயனம்தான் காரணம்னு நரம்பியல் டாக்டர் பில் லாங்ஸ்டன் டீம் கண்டுபிடிச்சாங்க. அதே விஷத்த குரங்குக்கு குடுத்தா இறுக்கம், கூனல், மெதுவான நடைன்னு பாக்க அப்படியே நோயாளி மாதிரி இருக்கும். பெரிய எலிக்கு இது அவ்வளவா ஏறாது, சுண்டெலியிலயும் எல்லா ரகத்துக்கும் ஒரே மாதிரி வேல செய்யாது. 1990ல இந்த குரங்குகள்ல மூளையோட ஆழத்துல இருக்கற சப்தலாமிக் நியூக்ளியஸ்ங்கற சின்ன பகுதிய அழிச்சப்போ அசைவு திரும்ப வந்துச்சு, இன்னிக்கு மூளைக்குள்ள மின்கம்பி வைக்கற ஆபரேஷனுக்கு அதுதான் வழிகாட்டுச்சு. இதுக்காகவே குரங்குக்கு ஒரு மார்க் அதிகமா போடலாம்.

ஆனா நோயோட வேகத்த கொறைக்கற மருந்துன்னு வந்துட்டா இந்த ரெண்டையுமே நான் நம்ப மாட்டேன். எம்பிடிபி நேரா நரம்ப கொல்றதில்ல, மூளைல மாவோ-பி ங்கற என்சைம் அத மாத்தினாதான் விஷமாகும், அப்போ அந்த என்சைம தடுக்கற செலிஜிலின்ங்கற மருந்த முன்னாடியே குடுத்துட்டா நரம்பு தப்பிக்கத்தானே செய்யும்? அங்க நோய் எங்க தடுக்கப்பட்டுச்சு, விஷமே தயாராகலங்க. அத வச்சு மனுசங்க கிட்டயும் நோய மெதுவாக்கும்னு பெருசா எதிர்பாத்தாங்க, 800 பேர வச்சு டேட்டாடாப்னு ஒரு ட்ரையலே நடந்துச்சு, இந்த நோய்க்கு வழக்கமா குடுக்கற லெவோடோபா மருந்த ஆரம்பிக்கறது கொஞ்ச நாள் தள்ளிப்போச்சு, ஆனா அது நரம்ப காப்பாத்தினதாலன்னு நிரூபிக்க முடியல. போதாததுக்கு, மனுசனுக்கு பெரும்பாலும் அறுபது வயசு பக்கம் வர்ற நோய்க்கு சோதனைக்கு எடுக்கறது ரெண்டு மூணு மாச சுண்டெலி!

நோய மெதுவாக்க முடியுமாங்கற அந்த கேள்விக்கு ஆல்ஃபா-சைனூக்ளின் நார் மாடல்தான் தேவலாம், பார்க்கின்சன் நோயாளிங்க மூளைல கட்டி கட்டியா சேர்ற புரதம் அது. சாதாரண சுண்டெலி மூளைல அந்த புரத நார கொஞ்சம் வச்சா மாசக்கணக்குல மெதுவா பக்கத்து செல்லுக்கெல்லாம் பரவும், டோபமின் செல்லும் சாகும், பென்சில்வேனியா யுனிவர்சிட்டில 2012ல காட்டினாங்க. மெதுவா போறதே இதோட பலம், ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான் காத்திருக்கற ரோதன. இந்த புரதத்த குறிவச்சு வந்த ஆன்டிபாடி மருந்துகள் (அந்த புரதத்துல போய் ஒட்டிக்கறவை) சுண்டெலில நல்லா வேல செஞ்சும், அதுல ஒண்ணான சின்பனெமாப் மனுசங்க கிட்ட தோத்துப்போன ரிசல்ட்டு 2022ல வந்துச்சு.