முதலில் ரத்தம் எடுங்கள், அப்புறம் ஊசி போடுங்கள்

டொராண்டோவிலிருந்து ஐந்து வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன், வேடசந்தூர் பக்கம். சித்தப்பாவைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற வேர்வை, மூட்டு வலி. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, கொஞ்சம் தேவலை, மறுபடி காய்ச்சல்.

அவருக்கு 2011-இல் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். செயற்கை வால்வு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் வால்வில் கிருமி ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆன்டிபயாடிக் உள்ளே போகுமுன் பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டுக்கு, ரத்தம் எடுக்க வேண்டும், போன பிறகு எடுத்தால் பாட்டிலில் கிருமி வளராமலே போகலாம். திண்டுக்கல்லில் சேர்த்த இடத்திலும் முதலில் டிரிப்பில் மருந்து ஏறியது, அப்புறம்தான் ஒரே ஒரு பாட்டிலில் ரத்தம் எடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே தொற்றுநோய் டாக்டர் ஊசியைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். “ஐயா, வீட்டில் ஆடு மாடு உண்டா? குட்டி போடும்போது யார் பார்க்கிறது?” சித்தப்பாவிடம் 14 வெள்ளாடு. தை மாதம் இரண்டு ஆடு குறைமாதத்தில் குட்டி வீசியது, நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளிப் போட்டதும் அவர்தான். காய்ச்சாத ஆட்டுப்பாலும் குடிப்பார். இரண்டு மாதத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை!

டாக்டர் சந்தேகப்பட்டது புருசெல்லா. 1887-இல் மால்டாவில் டேவிட் புரூஸ் கண்டுபிடித்த கிருமி, அங்கேயும் ஆட்டுப்பால் வழியாகத்தான் பரவியது. வால்வில் அபூர்வமாகத்தான் வரும், வந்தால் வால்வையே அரித்துவிடும். உடம்பில் மூன்று வெவ்வேறு இடத்தில், இடைவெளி விட்டு ரத்தம் எடுத்தார்கள். மெதுவாக வளர்கிற கிருமி என்பதால் பாட்டிலைக் கூடுதல் நாள் வைக்கச் சொல்லி லேபுக்கு முன்கூட்டியே தகவல் போனது, லேபில் கையாள்பவர்களுக்கே அது தொற்றும் என்பதும் ஒரு காரணம். ஆட்டு நஞ்சுக்கொடியிலிருந்தே வரும் காக்ஸியெல்லா என்ற இன்னொரு கிருமி சாதாரண கல்ச்சரில் வளரவே வளராது, அதற்கும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) வால்வில் திட்டு தெரிந்தது, புருசெல்லா டெஸ்ட் மிக அதிகமாக வந்தது.

டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின், ஆரம்பத்தில் ஜென்டாமைசின் ஊசி. மாதக்கணக்கில் ஓடும், ஆபரேஷனும் தேவைப்படலாம் என்று சர்ஜன் நேரடியாகவே சொல்லிவிட்டார். இதில் இன்னொரு சிக்கல், வால்வுக்காக ரத்தம் உறையாமல் இருக்க அவர் போடுகிற மாத்திரையின் வேலையை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும், அதனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். ஊர் லேபிலிருந்து ஒரு தம்பி காலை ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் அளவை அனுப்பிவிடுவார், டாக்டரும் அன்றே டோஸ் சொல்லிவிடுவார். இந்தச் சேவைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கால்நடை மருந்தகத்திலிருந்து வந்து எல்லா ஆட்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அரசின் புருசெல்லா தடுப்பூசி கிடேரிக் கன்றுகளுக்குத்தானாம், ஆட்டுக்கு இல்லையாம். சித்தி கையுறை போட்டுக்கொண்டு ஆட்டைப் பிடித்தார், சித்தப்பா திண்ணையில் இருந்தபடி ஒவ்வொன்றின் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.