ஆட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே குட்டி: பைரனீஸா, கோம்பையா, கிடைநாயா?

ஆடு காக்கும் ஜாதி நாய்க்குட்டியை வீட்டில் பிள்ளைகளோடு வளர்க்கலாமா என்று எங்கள் கரையோரத்தில் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஆளுயரத்துக்கு வெள்ளை நாய் ஒன்று படுத்திருக்கும். ஆட்டுக்குட்டிகள் அதன் முதுகில் ஏறிக் குதிக்கும். அது கண்ணைக்கூடத் திறக்காது. பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். எங்களுக்கும் வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே வீடு, கொல்லையில் சில வெள்ளாடுகள், சின்னப் பிள்ளைகள் இருவர், கூடவே அம்மா. பல இடம் விசாரித்து, கடைசியில் எடுத்தது ஒரு கீதாரியின், அதாவது மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரரின், கிடையில் (வயலில் ஆடுகளை இரவு அடைக்கும் இடத்தில்) பிறந்த நாட்டுக் குட்டியை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தக் குட்டியைப் பார்ப்பதற்கு முன்னும் ஒன்று தெளிவாக வேண்டும். ஆடு மேய்க்கும் நாய் வேறு, ஆடு காக்கும் நாய் வேறு. பார்டர் கோலி மாதிரியானவை ஆள் விசிலடித்தால் ஓடி மந்தையைத் திருப்பும். காவல் நாய் மந்தைக்குள்ளேயே கிடக்கும். ஆபத்து எது என்று அதுவே முடிவு செய்யும், உத்தரவுக்குக் காத்திருக்காது. பகலில் தூங்கி வழிந்து இரவில் குரைக்கும். மனதளவில் முதிர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். "உட்கார்" என்றதும் உட்கார்ந்து கைகொடுக்கும் நாய்தான் வேண்டும் என்றால், இந்த வகையே உங்களுக்கு ஒத்துவராது. சிப்பிப்பாறையும் கன்னியும் அருமையான நாய்கள்தான், ஆனால் அவை முயலை விரட்டப் பிறந்த வேட்டை நாய்கள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் பைரனீஸ், அந்த வீடியோக்களில் வரும் வெள்ளை நாய். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள மலைத்தொடரில், ஓநாயிடமிருந்தும் கரடியிடமிருந்தும் ஆட்டைக் காக்க உருவான நாய். ஆண் நாய் சாதாரணமாக 45 முதல் 55 கிலோ வரை வரும். பிள்ளைகளிடம் அதற்கு உள்ள பொறுமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் வளர்த்ததில்லை, பரமக்குடிப் பக்கம் உறவினர் வீட்டில் ஒன்றைப் பார்த்ததோடு சரி. குணத்தில் ஒரு குறையும் இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் குளியலறைத் தரையை விட்டு எழுவதில்லை என்றார்கள்.

வெயில் ஒத்துக்கொள்ளாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் கரையில் வெயிலைவிடப் புழுக்கம் பெரிய பிரச்சினை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலுள்ள ஈரம் ஆவியாவதில்தான் பெரும்பாலும் உடம்புச் சூடு தணியும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். துருக்கியின் கங்கல் நாய்கள் ஆப்பிரிக்காவில் நமீபியாவின் வெயிலில் ஆடு காக்கவில்லையா என்று கேட்பார்கள். உண்மைதான். சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிகளை விவசாயிகள் சுட்டுக் கொல்வதைத் தடுக்க 1994 முதல் அங்கே அந்த நாய்களைக் கொடுத்து வருகிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது. ஆனால் அது வறண்ட காற்று. கங்கலுக்கு ரோமமும் குட்டை. பைரனீஸுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மழித்துவிடலாமே என்றால், அந்த ரோமம்தான் வெயிலையும் தடுக்கிறது. மழித்த தோல் நேரடியாக வெந்துபோகும்.

அப்புறம் தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி என்பது பொதுவான கணக்கு. 50 கிலோ நாய் சும்மா கிடந்தாலே இரண்டரை முதல் 3 லிட்டர், கோடையில் இன்னும் கூடும். குளிப்பாட்டுவது தனி. நிலத்தடி நீர் உப்புக் கரித்து, குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் ஊர்களில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

காக்கேசியன், மத்திய ஆசியாவின் அலபாய், கங்கல் ஆகிய பெரிய காவல் நாய்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் ஆபத்தானவை என்று குறித்த 23 வகைகளில் இந்த மூன்றும் இருந்தன. அந்தக் கடிதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. சட்டம் எப்படிப் போனாலும், ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில், முதல் முறை நாய் வளர்க்கிறவர்களுக்கு இவற்றை நான் சொல்லவே மாட்டேன்.

நம் பக்கத்து ஜாதிகளில் ராஜபாளையத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற நாய் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வருகிறது. வாங்கும்போது குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, அதன் பார்வையில் படாமல் பின்னால் கைதட்டிப் பாருங்கள். ஒட்டுதலும் ஒன்றிரண்டு பேரோடு நின்றுவிடும் என்று வளர்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆட்கள் வந்துபோகும் வீட்டுக்கு அது சிரமம்.

கோம்பைதான் எங்களுக்குக் கடைசிவரை போட்டியாக நின்றது. தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய செவலை நாய், முகத்தில் கறுப்பு. குட்டை ரோமம், கட்டான உடம்பு, குறைந்த தீனி. மாட்டுத் தொழுவத்துக்குக் காவல் என்றால் முதலில் சொல்லும் பெயர். தனித் தோப்பு, தனிக் கொட்டகை என்றிருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். ஒரே கவலை, கோம்பை என்று விற்கப்படுவதில் கலப்பு நிறைய. தாய் தகப்பன் இரண்டையும் காட்டாத இடத்தில் வாங்க வேண்டாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொரு விஷயம். அந்நியன் யார் என்று அந்த நாய் எதை வைத்து முடிவு செய்யப்போகிறது?

பைரனீஸ் மலையில் இரவில் யாராவது வந்தால் அது திருடன் அல்லது ஓநாய். குரைத்தாலும் கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. நம் கரையில் இரவு அப்படிப்பட்டதல்ல. நாட்டுப்படகுக்காரர்கள் இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து, தலையில் லைட்டும் தோளில் வலையுமாகத் தெருவைக் கடப்பார்கள். சீசனில் விடியுமுன்பே பதநீர் இறக்கப் போகிறவர்கள் உண்டு. நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் தெருவே விழித்திருக்கும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா சமயத்தில் விடிய விடிய ஜனம். இத்தனை பேரையும் அந்நியராக எண்ணும் நாயை வைத்துக்கொண்டு நாமும் தூங்க முடியாது, பக்கத்து வீடும் தூங்க முடியாது. அதைவிட, பிழைப்புக்குப் போகிற ஒருவரை அது கடித்துவிட்டால் என்ன செய்வது?

இதை ஜாதி மட்டும் தீர்மானிப்பதில்லை. குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை அதன் மனம் திறந்திருக்கும் காலம். அப்போது எவற்றோடு பழகுகிறதோ அவை தன்னுடையவை. பழகாதவை பிறகு பயத்தையோ சந்தேகத்தையோ கிளப்பும். ஆடு காக்கும் நாய்களே அப்படித்தான் உருவாகின்றன. அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய, துருக்கிக் காவல் நாய்களை விவசாயிகளிடம் கொடுத்துக் கவனித்தபோது இதைத்தான் வலியுறுத்தினார்கள்: அந்த வாரங்களில் ஆட்டோடு வளர்ந்தால்தான் ஆட்டோடு ஒட்டும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் கிடையில் பிறந்த குட்டிக்கு இணை எனக்குத் தெரியவில்லை. நம் மாவட்டத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடத் தஞ்சைப் பக்கம் போய்த் திரும்புகிறவர்கள். இன்று ஒரு வயல், சில இரவு கழித்து வேறு வயல். குட்டிக்குச் சொந்தமென்று நிலம் கிடையாது. ஆட்டின் கால்களுக்கு நடுவில் தூங்குகிறது. வயல்காரர் வருவார், கஞ்சி கொண்டுவரும் பெண்கள் வருவார்கள், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிவார்கள், ரோட்டில் லாரி போகும். யார் சும்மா கடந்து போகிறார், யார் ஆட்டை நோக்கி வருகிறார் என்ற வித்தியாசத்தைத் தாயைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. பண்ணைக் கூண்டில் தீனி போடும் ஒரே ஆளைப் பார்த்து வளர்ந்த குட்டி, எவ்வளவு உயர்ந்த ஜாதியானாலும், இதைக் கற்க வழியே இல்லை.

நாங்கள் குட்டி கேட்டுப் போனபோது அந்தக் கீதாரி, "குட்டிய அப்புறம் பாருங்க தம்பி, மொதல்ல தாயப் பாருங்க" என்றார். பார்த்தோம். நாங்கள் கிடையை நெருங்கியதும் எழுந்து நடுவில் வந்து நின்று குரைத்தது. அவர் எங்களோடு பேச உட்கார்ந்ததும் அடங்கியது, ஆனால் போய்ப் படுக்கவில்லை. அவர் பேத்தி அதன் வாயருகே இருந்த சோற்றைத் தள்ளியபோது உறுமவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நீங்களும் சாயங்காலம் கிடை அடையும் நேரத்தில் போய்ப் பாருங்கள். நாலைந்து வாரத்திலேயே தூக்கிக் கொடுக்க முன்வருவார்கள். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவை அங்கேதான் கற்கின்றன.

இப்போது எங்கள் நாய்க்கு ஒரு வயது தாண்டிவிட்டது. வலைக்குப் போகிறவர்களைத் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறது. கருவேலங்காட்டுப் பக்கம் நரி ஊளையிட்டால் மட்டும் பட்டியைச் சுற்றிவந்து குரைக்கும். இரண்டு வயதில் குணம் இன்னும் இறுகலாம், அதனால் இதை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வளர்த்ததும் இந்த ஒன்றைத்தான்.

குறையும் உண்டு. கிடைக்குட்டி பெரும்பாலும் ஊசி போடாமல்தான் வரும். வயிற்றில் பூச்சி, காதுக்குள் உண்ணி. வந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பூச்சி மருந்தும் பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய்க்கான முதல் ஊசியும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் ரத்தம் குன்றிப் போகும், எனவே வாரம் ஒருமுறை காதையும் விரலிடுக்கையும் பாருங்கள். வேலியில்லாத வீட்டுக்கு இது ஆகாது. பனைமட்டை வேலியானாலும் அடியில் சந்தில்லாமல் இருக்க வேண்டும். கரையில் கருவாடு காயப்போட்டிருக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய்ப் பழகிவிட்டால் அப்புறம் மறிப்பது கஷ்டம், அது இன்னொருவரின் பிழைப்பு. அந்த உப்புக் கருவாடு நாய்க்கும் நல்லதல்ல. சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்க்கும் எண்ணம் இருந்தால் கிடைக்குட்டியை எடுக்கவே வேண்டாம், கட்டிப்போட்ட காவல் நாய் கடிநாயாக மாறிவிடும்.

ஆடே இல்லாத, மாடிவீட்டுக் குடும்பமாக இருந்தால்? அப்போது கோம்பையும் வேண்டாம், கிடைநாயும் வேண்டாம். காக்க ஒன்றுமில்லாத காவல் நாய் வாசலில் வரும் பால்காரரிடமிருந்து வீட்டைக் காக்கத் தொடங்கிவிடும். நாலு ஆடாவது, கோழியாவது இருந்து, கொல்லையும் இருந்தால், மாடு கட்டும் தனித் தோப்புக்குக் கோம்பை, தெருவோடு ஒட்டிய வீட்டுக்குக் கிடைநாய் என்பது என் கருத்து. குட்டி வேண்டுமென்றால் தஞ்சைப் பக்கம் நடவு தொடங்கியதும் கீதாரிகள் ஊர் திரும்பும் சமயத்தில் விசாரியுங்கள். பணம் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், ஆனால் குட்டியை எந்த வீட்டில் விடுகிறோம் என்று கட்டாயம் கேட்பார்கள்.