ஐப்பசியில் திருகோணமலையிலிருந்து எந்த அருவிக்குப் போகலாம்?

ஒக்டோபர் வந்தால் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் கூட்டம் குறைந்துவிடும். கடலும் குமுறத் தொடங்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் வான் பிடித்து மலைநாட்டுக்குக் கிளம்பும் காலம் இது. இலையுதிர் காலம் என்று நமக்கு ஒன்று கிடையாது. ஆனால் இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட ஐப்பசியில், பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழையால் மலையாறுகள் நிறைந்து ஓடும். காட்டாற்றோரம் நடந்து அருவி பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் மூன்று இடங்களைச் சொல்கிறார்கள்: ஹோட்டன் சமவெளி, பதுளை துன்ஹிந்த, நக்கிள்ஸ் மலையின் சேர எல்ல.

ஹோட்டன் சமவெளியை இந்த மாதத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப் பாதையில் பெலிகுல் ஓயாவின் பேக்கர் அருவியும் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளமும் இருக்கின்றன. எல்லாம் அழகுதான். ஆனால் நல்ல நாளிலேயே காலை பத்து மணிக்குள் முகில் மூடிவிடும் இடம் அது. மழைக்காலத்தில் அவ்வளவு தூரம் போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

துன்ஹிந்த அப்படி ஏமாற்றாது. பதுளை நகரிலிருந்து சிறிது தூரம்தான். பதுளு ஓயா பள்ளத்தில் இரைந்துகொண்டு கூடவே வர, மரநிழலில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். வழியில் சின்னத் துன்ஹிந்த தூரத்தில் தெரியும். கடைசியில் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் புகையாக எழுந்து முகத்தை நனைக்கும். பதுளையில் தமிழில் பேசி வழி கேட்கலாம், சாப்பாடும் கேட்கலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல், படிகளில் மட்டும் மெதுவாகக் கூட்டிப்போக வேண்டும். எனக்கு ஒரே குறை: அந்த அருவியை எதிரே நின்று பார்க்கத்தான் முடியும். கீழே தடாகத்தில் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

சேர எல்லவில் அருவிக்குப் பின்னாலேயே போய் நிற்கலாம். உயரத்தில் துன்ஹிந்தவின் கால்வாசிகூட வராது. ஆனால் பாறைக் குடைவுக்குள் நுழைந்து, ஈரச்சுவரில் கையை ஊன்றியபடி வெளியே பார்த்தால், விழும் தண்ணீரினூடே காடு பச்சையாகக் கலங்கித் தெரியும். பக்கத்தில் நிற்பவர் காதருகே கத்தினால்தான் பேச்சுக் கேட்கும். அருவிக்கான நடை குறைவுதான். அதனால் காலையில் முதலில் பிட்டவல பத்தனைப் புல்வெளியில் நடந்துவிட்டு, தெல்கமு ஓயாப் பக்கமாக இறங்கிக் கடைசியில் இங்கே வரலாம். நக்கிள்ஸ் மலைக்காடு 2010 இல் உலக மரபுரிமையான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஊரவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுவார்கள், குழுவில் சிங்களம் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது. அட்டை நிறைய உண்டு. காலில் சவர்க்காரத்தைத் தடித்துப் பூசிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சேர எல்லதான் முதலிடம். இந்தத் தண்ணீரெல்லாம் அம்பன் கங்கை வழியாக மகாவலியில் சேர்ந்து மூதூரருகே கொட்டியாரக் குடாவுக்குத்தான் வருகிறது. பதுளு ஓயாவும் மகாவலிக்கே போகிறது. நம் வயல்களுக்குப் பாயும் ஆறு பிறக்கும் காட்டை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அங்கே பொலித்தீன் வீசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

எங்கே போனாலும் மழையை அலட்சியம் செய்யாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளையிலும் கண்டியிலும் மாத்தளையிலும் மலைகள் சரிந்தன. மகாவலி பெருகி நம் மூதூர், வெருகல் பக்கத்தையும் மூழ்கடித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். ஆற்றில் நிற்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள்.

விடியப்புறம் திருகோணமலையிலிருந்து கிளம்பினால் ஹபரணைப் பக்கம் இருட்டில் யானை குறுக்கிடும். முதல்நாளே கண்டி பஸ்ஸில் மாத்தளைக்குப் போய்த் தங்கிவிடுங்கள். காலையில் இரத்தோட்டை வழியாகச் சேர எல்லப் பக்கம் ஏறினால், பின்னேர மழைக்கு முன் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம்.