பாம்புக்கடி ஊசி: தூள் குப்பிக்கு ஒரு மதிப்புரை

மேலூர், உசிலம்பட்டி வயக்காட்டுப் பக்கம் ராத்திரியில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பூச்சி கடிச்சிருச்சு' என்றுதான் ஆளைத் தூக்கி வருவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து இருப்பது இந்த ஒரே விஷமுறிவு மருந்துதான்.

நம்ம வெயிலுக்குத் தூள் வகைதான் தோது. திரவ வகையை 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் அதோடு போச்சு. தூளில் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டு மெதுவாகச் சுழற்றணும். குலுக்கினால் நுரை கட்டிக்கொள்ளும். அவசரத்தில் குலுக்காத கை அபூர்வம். முதல் அளவு 10 குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழந்தைக்கும் இதே அளவுதான். ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்தா இறக்குகிறது?

பெரிய குறை ஒவ்வாமை. தோலில் சோதனை ஊசி போடுவது வீண்வேலை. ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்திருப்பதே பாதுகாப்பு. உடம்பு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ சொட்டை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்குத் தொடையில் 0.5 மில்லிகிராம். அடங்கியதும் மருந்தைத் தொடரலாம்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு மருந்து போதுமா என்று சொல்வது ஒரு கண்ணாடிக் குழாய். 2 மில்லி ரத்தத்தை விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, பிறகு சாய்த்து உறைந்திருக்கிறதா என்று பார்க்கணும். பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ ஏமாற்றிவிடும்: நல்ல ரத்தமும் உறையாது, குப்பிகள் வீணாக இறங்கும். மறுபடி மருந்து ஏற்றுவதை 6 மணி நேரம் கழித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உறைவுப் பொருளை ஈரல் திரும்பச் சுரக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் இது முறிக்கும், நடந்துவிட்ட சேதத்தை அல்ல. கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் உறையத் தொடங்கிய பிறகும் ரத்தத் தட்டணு சரிந்து, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறி, சிவப்பணு உடைந்து தெரிந்தால் கூடுதல் குப்பியால் பயனில்லை, டயாலிசிஸ்தான். பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது) செய்வதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. கன்னம் வீங்கி, கண்வெள்ளை நீர்கோத்து, பிரஷர் இறங்கினால் நிலைமை இன்னும் சிக்கல்: ரத்தக்குழாய் கசிகிறது. சலைன் கொடுத்தால் நுரையீரலில் தேங்கும், கொடுக்காவிட்டால் பிரஷர் நிற்காது.

பிழைத்துப் போனவருக்கு மாதங்கள் கழித்து ஓயாத அசதி, சர்க்கரை இறக்கம் வரலாம், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு அது பிடிபடும்.