புதுப் பதிவா, பழைய பக்கமா? செட்டிநாட்டுக் கடைகளின் இணையதளத்துக்கு எது ஆள் சேர்க்கும்

காரைக்குடியில் பலகாரக் கடை, ஆத்தங்குடியில் டைல் பட்டறை, கானாடுகாத்தானில் பழைய வீட்டு விடுதி என்று எது வைத்திருந்தாலும், இணையதளம் தொடங்கியவுடன் காதில் விழும் அறிவுரை ஒன்றுதான்: ‘வாரா வாரம் புதுசா ஏதாவது போடுங்க.’ அது ஒரு வழி. ஏற்கெனவே இருக்கும் பக்கங்களைச் செப்பனிடுவது இன்னொரு வழி. வாடிக்கையாளர் ஃபோனிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்பதையே பக்கமாக்குவது மூன்றாவது. ஆளும் நேரமும் குறைந்த சிறு தொழிலுக்கு இரண்டாவதில் தொடங்குவதே சரி. பலகாரக் கடைக்கு மட்டும் கணக்கு வேறு.

வாரப் பதிவின் செலவை முதலில் பார்த்துவிடலாம். சொந்தப் படங்களோடு 700, 800 சொல்லில் உருப்படியாக ஒன்று எழுத அரை நாள் பிடிக்கும். ஐந்தாறு வாரம் சரக்கு இருக்கும். அப்புறம் ‘செட்டிநாட்டின் சிறப்புகள்’ மாதிரியான பொதுத் தலைப்பில் போய் நிற்கும். அந்தத் தேடலில் விக்கிப்பீடியா, நாளிதழ்கள், சுற்றுலாத் தளங்கள் எல்லாம் முன்னால் இருக்க, கடைக்காரர் பக்கத்துக்கு இடம் கிடைப்பது அரிது. ஒரே விஷயத்தை மூன்று பதிவில் தொட்டால் இன்னும் சிக்கல்: எதைக் காட்டுவது என்று கூகுளுக்குத் தெளிவில்லாமல் மூன்றுமே பின்தங்கிவிடலாம்.

பலகாரக் கடைக்கு மட்டும் புதிதாகப் பக்கம் போடுவது பொருந்துவதற்குக் காரணம், தேடலே பண்டிகையை ஒட்டி ஏறி இறங்குவது. மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று தீபாவளி ஆர்டருக்கான பக்கம் ஆறு முதல் எட்டு வாரம் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கொரு பக்கம் வேண்டாம். பக்கத்தின் இணைய முகவரியில் (URL) ஆண்டைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, விலை, கடைசி ஆர்டர் தேதி, கூரியர் போகும் ஊர்கள் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். போன ஆண்டு அந்தப் பக்கத்துக்குப் பிற தளங்களிலிருந்து கிடைத்த இணைப்புகளும் மதிப்பும் அப்படியே தொடரும்.

இனி பழைய பக்கம். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது. கடைசி மூன்று மாதத்தை அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் சுற்றுலா வருவோர் கூட்டத்தைச் சித்திரை வெயிலோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும். சென்ற ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் பக்கம் தென்பட்ட எண்ணிக்கை) நிறைய இருந்தும் முடிவுகளின் வரிசையில் சராசரி இடம் 8க்கும் 20க்கும் நடுவில் நிற்கும் பக்கங்களே கொஞ்சம் தள்ளினால் மேலே வரக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் என்ன சொல் தட்டி வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு டைல் பட்டறையின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றுவது, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறப்போட்டு இறுகவைப்பது எல்லாம் அழகாக எழுதியிருக்கும். வருபவரோ ‘100 சதுர அடிக்கு எத்தனை டைல்’ என்று தேடியிருப்பார். பதில் எளிது: 8 அங்குலம் என்றால் 225, 10 அங்குலம் என்றால் 144, 12 அங்குலம் என்றால் 100. உடைசலுக்கும் ஓர வெட்டுக்கும் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த நான்கு வரி சேர்ந்தால் அதே பக்கம் வேறு பக்கமாகிவிடும். எழுத அரை மணி நேரம்கூட ஆகாது.

செப்பனிடும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுசாக்குவது. அதனால் பயனில்லை. சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிடும் கோப்பு) ‘லாஸ்ட்மாட்’ என்ற கடைசி மாற்றத் தேதி உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதை மதிக்கும். எத்தனை நாளுக்கொருமுறை மாறும் என்ற ‘சேஞ்ச்ஃப்ரீக்’, எவ்வளவு முக்கியம் என்ற ‘பிரையாரிட்டி’ இரண்டையும் அது பார்ப்பதே இல்லை. இன்னொன்று, தலைப்பை மாற்றும்போது முகவரியையும் மாற்றிவிடுவது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதைத் திறப்பவரைத் தானாகவே புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் கட்டாயம். முகவரியை ரோமன் எழுத்தில் வைப்பது நல்லது: ‘ஆத்தங்குடி’ என்று தமிழில் வைத்தால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அந்த ஒரு சொல்லே பெரும்பாலும் 90 எழுத்துக் குறியீடாக நீளும்.

கேள்வி-பதில் வழியில் தலைப்புப் பஞ்சமே வராது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் போதும். ‘ஆசிட் ஊற்றித் தரை கழுவலாமா?’ கூடாது, டைல் சிமெண்டால் ஆனது, அமிலம் மேற்பரப்பை அரித்து மினுமினுப்பைத் தின்றுவிடும். ‘கண்டாங்கிச் சேலை சாயம் போகுமா?’ இதற்கு நூல், சாய வகை, முதல் அலசல் என்று படத்தோடு விளக்க வேண்டியிருக்கும், ஆகவே தனிப் பக்கம் போடலாம். இரண்டு வரியில் முடிகிற பதில்களைப் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து ஒரே பக்கத்தில் வையுங்கள். கேள்வி-பதில் ஸ்கீமா (இது கேள்வி, இது பதில் என்று கூகுளுக்குச் சொல்லும் குறியீடு) போட்டால் தேடல் முடிவிலேயே விரிந்து தெரியும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்; 2023 ஆகஸ்டில் கூகுள் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் என்று சுருக்கிவிட்டது.

மென்பொருளைக் கொண்டு நூறு கட்டுரை மொத்தமாக எழுதிக் குவிப்பதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். தேடலில் முன்னேறுவதற்காகவே இப்படிக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது.

ஆகவே விடுதியும் டைல் பட்டறையும் முதல் இரண்டு மாதம் எட்டுப் பழைய பக்கங்களைச் செப்பனிடட்டும், பிறகு கேள்வி-பதிலுக்குப் போகட்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு நோட்டில் குறித்து, ஆறு வாரம் அந்தப் பக்கத்தைத் தொடாமல் விடுங்கள். இம்ப்ரெஷன் ஏறியும் கிளிக் ஏறவில்லை என்றால் தலைப்பு வரியை மாற்றுங்கள். இரண்டுமே அசையவில்லை என்றால், தேடுபவரின் கேள்விக்கு முதல் பத்தியிலேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது பக்கத்தின் அடியில் கிடக்கும். மேலே தூக்கி வையுங்கள்.